பதினேழாம் எண் வீட்டில் ஒரு பூச்சு அதிகம்

மரக்கலத்துறை என்ற துறைமுக ஊரில் கப்பித்தான் தெரு என்று ஒரு தெரு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, அது இன்றைக்கும் இருப்பதற்காக அந்தத் தெருக்காரர்கள் நாற்பத்தொரு பல்லையும் ஆறு விலா எலும்பையும் மீரான் பாயின் இடது கண்ணையும் கொடுத்தார்கள், இதைக் குறைத்துச் சொன்னால் தெருவுக்கு அவமரியாதை, கூட்டிச் சொன்னால் மீரான் பாய்க்குக் கோபம் வரும். எதிரும் புதிருமாக முப்பத்திரண்டு வீடுகள். கட்டியவன் பெயர் மறந்துபோன ஏதோ ஒரு கப்பல் கப்பித்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து நாள்கணக்கில் அரைத்துப் பூசிய காரைச் சுவர்கள், கன்னத்தை வைத்தால் குளிரும், எதிரே நின்றால் முகம் தெரியும் என்று சொல்லக் கேள்வி. ஆனால் உயிரோடு இருப்பவர்களில் யாரும் அந்தக் காரையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஏனென்றால் அதன்மேல் இருநூறு வருஷத்து வெள்ளைச் சுண்ணாம்பு பூச்சுப் பூச்சாக ஏறி, தூண்களின் இடுப்பெல்லாம் பருத்து, கதவு நிலைகள் பாதி புதைந்து கிடந்தன.

மற்ற ஊர்களில் பண்டிகைக்கு வெள்ளை பூசுவார்கள், கல்யாணத்துக்குப் பூசுவார்கள், எழவுக்குப் பூசுவார்கள். கப்பித்தான் தெருவில் இதற்கெல்லாம் பூசியதுபோக, ஒரு வீட்டுக்குள் யாராவது யாரையாவது கைநீட்டி அடித்தால், மறுநாள் காலையில் அந்தச் சுவருக்கும் ஒரு பூச்சு பூசுவார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. வாசலில் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி ஒன்றும் கேட்கமாட்டாள், குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள், அதுதான் மரியாதை. பூச்சு காய்வதற்குள் அந்த அடி நடக்காத அடியாகிவிடும். கிறிஸ்தவர், துலுக்கர், இந்துக்கள் எல்லாரும் கலந்து குடியிருந்த தெருவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே சடங்கு இதுதான்.

பதினேழாம் எண் வீட்டுப் பாக்கியநேசத்துக்கு இந்தச் சடங்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் பெரியாஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வாசலில் வாளி வைத்த வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவள் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் வருவார்கள். வருகிறவள் எல்லாம் கால் தடுக்கி விழுந்தவளாகத்தான் இருப்பாள். கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருந்தாலும் தடுக்கித்தான் விழுந்திருப்பாள். பாக்கியநேசம் ஒன்றும் கேட்காமல் டெட்டால் வைத்துத் துடைத்து, தையல் போட்டு, காபி கொடுத்து அனுப்புவாள். நல்லவள் என்று பெயர். கேட்காமல் இருப்பவர்களுக்கு அந்தத் தெருவில் அந்தப் பெயர் சுலபமாகக் கிடைக்கும்.

அவளும் அவள் அண்ணன் ஞானதுரையும்தான் பதினேழாம் எண் வீட்டில் இருந்தார்கள். இவள் சிறுவயதிலேயே புருஷனை இழந்து பிறந்தவீட்டுக்கு வந்தவள், அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். எப்சி என்று ஒரு தங்கச்சி இருந்தாள், இவளுக்கு ஒன்பது வயது இளையவள், அம்மா இல்லாத வீட்டில் பாக்கியநேசம்தான் அவளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். இருபத்தேழு வயதில் மச்சுப்படியில் வழுக்கி விழுந்து எப்சி செத்துப்போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பாக்கியநேசம் காலை டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள், ஐந்து மணிக்கு அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடியது. படி தேக்குமரப் படி. எப்சியின் தலைமுடியில் இருந்தது சுண்ணாம்பு. தெரு கூடுவதற்குமுன் அந்தச் சுண்ணாம்பைப் பாக்கியநேசம் சீப்பால் சீவி எடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் ஞானதுரை கூடத்து வடக்குச் சுவருக்கு ஒரு பூச்சு பூசினார், எழவு வீடுதானே, பூசத்தான் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கச்சியும் தினம் மூன்று வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எப்சி என்ற பெயரை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு தை மாதம் தெருவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி போக அகலமான ரோடு வேண்டும், கப்பித்தான் தெருவின் இரண்டு பக்கமும் இடிக்கப்படும் என்றது நோட்டீஸ். தெரு அழுதது, மண்ணை வாரித் தூற்றியது, பிறகு ஞானதுரை அண்ணாச்சியிடம் வந்தது. கப்பித்தான் தெருவில் அவருக்குத் தெரியாத செங்கல் கிடையாது. சாக்கடை அடைத்தால் முதலில் இறங்குபவர் அவர், ஓடு சரிந்தால் ஏணி தூக்கி வருபவர் அவர், அவர் யாரையும் அதட்டிக்கூட ஒருவரும் கேட்டதில்லை. அவர் பத்துப் பதினைந்து மனு எழுதி, நாலு ஆபீஸ் படியேறி, கடைசியில் பழைய கட்டடங்களைப் பட்டியலிடும் குழுவிலிருந்து ஒரு பொறியாளர் அம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா ஒரு சின்னச் சுத்தியலால் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: உள்ளே இருக்கும் பழைய காரை தெரியவேண்டும், முப்பத்திரண்டு வீட்டிலும் தெரியவேண்டும், ஒரு வீடு விட்டுப்போனாலும் பட்டியலில் சேராது, ஆடி பிறப்பதற்குள் சுரண்டி முடித்தால் ரோட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திருப்பிவிடலாம். தெரு கைதட்டியது. பாக்கியநேசம் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார், கை மட்டும் தாளம் தப்பியது.

முதலில் ஐந்தாம் எண் வீடு என்று சீட்டு விழுந்தது. ஆட்டோ ஓட்டும் சுடலைமுத்துவின் வீடு அது. வெளியூரிலிருந்து நாலு வேலையாட்கள் வந்து சுரண்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். இலைமாதிரி ஒரு பூச்சு உரிந்து விழுந்தது, விழுந்த கையோடு சுவரிலிருந்து ஒரு அறை வந்து, இழுத்தவன் மூன்றடி தள்ளிப்போய் விழுந்தான். அவன் எழுந்து பக்கத்தில் இருந்தவனை அறைந்தான். அந்த இரண்டாமவன் நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டே இரண்டாவது பூச்சை இழுத்தான், வயிற்றில் ஒரு உதை வந்தது. மத்தியானத்துக்குள் நாலு பேரும் சுரண்டிகளைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் இதென்னய்யா கூத்து என்று தன் கையாலேயே ஒரு பூச்சைப் பெயர்த்தார். அவருக்கு விழுந்தது பிரம்படி. அடியை வாங்கியதும் அவர் தன்னையறியாமல் சொன்னார், "வயசானவரு. கட்டை விரல் கிடையாது." சுடலைமுத்துவின் அப்பாவுக்குக் கட்டை விரல் கிடையாது, அவர் போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செத்தவர் மீது கேஸ் எழுத ஃபாரம் இல்லை என்று போய்விட்டார்.

தெருவில் யாரும் பேயோட்டியைக் கூப்பிடவில்லை. சுவருக்குள் அடி இருப்பது யாருக்கும் ஆச்சரியமாகப் படவில்லை, அவர்களே பூசிப் பூசி மூடிவைத்ததுதானே, மூடியைத் திறந்தால் வரத்தானே செய்யும். அடியை யார் வாங்குவது என்பதுதான் கேள்வி. யாரும் எதிரே நிற்காமல் நீளக் கம்பில் சுரண்டியைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அடி ஆளைத் தேடிவிட்டு, ஆள் கிடைக்காத ஆத்திரத்தில் எதிர்ச்சுவரின் வளைவை உடைத்தது. மெத்தையை நிறுத்தினார்கள், அரிசி மூட்டையை நிறுத்தினார்கள், ஒரு ஆட்டைக்கூடக் கொண்டுவந்து கட்டினார்கள், அடி அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்த் தூணைப் பிளந்தது. வீட்டைக் காப்பாற்றவேண்டும் என்றால் அடியை ஒரு மனித உடம்புதான் வாங்கவேண்டும் என்று ஆகிப்போனது.

"அந்தந்த வீட்டு அடிய அந்தந்த வீட்டுக்காரன் வாங்கட்டும்" என்றார் மீரான் பாய். கப்பலில் நாற்பது வருஷம் சமைத்தவர், எதையும் பங்குபோடத் தெரிந்தவர்.

"பொம்பளைக வாங்க மாட்டோம்" என்றாள் சுடலைமுத்துவின் பெண்டாட்டி உலகம்மாள். "நாங்க ஒருவாட்டி வாங்கியாச்சு. ஆம்பளைக நில்லுங்க, நாங்க சொரண்டுதோம்."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியபோது சுரண்டிகள் எல்லாம் பெண்கள் கையில் இருந்தன.

சுடலைமுத்துதான் முதலில் நின்றான். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தன் கையால் கொடுத்ததைத் தன் உடம்பால் வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. உலகம்மாள் ஒவ்வொரு பூச்சையும் தடவிப் பார்த்து, "இது கொழம்புல உப்பு கூடுனதுக்கு" என்பாள், இழுப்பாள், அவன் முகம் திரும்பும். "இது எங்கம்மா செத்ததுக்கு நாலு நாளு கூட இருந்துட்டு வந்ததுக்கு" என்பாள், இழுப்பாள், அவன் உதடு கிழியும். "இது ஒண்ணுத்துக்குமில்ல, சும்மா" என்றபோது அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அன்றைக்கு இழுக்கவில்லை, மறுநாள் இழுத்தாள். ஏழாம் நாள் செவிட்டில் விழுந்த ஒரு அறையை அவன் வாங்கிக்கொண்டு சுருண்டபோது, பத்தொன்பது வருஷமாகக் கேட்காமல் இருந்த உலகம்மாளின் வலது காது படக்கென்று திறந்தது. அவள் சுரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப்போய், "காக்கா கத்துது, ஏ பாக்கியக்கா, இந்தக் காதுல காக்கா கத்துது" என்று தெருவெல்லாம் கேட்கும்படி அழுதாள்.

அதன்பிறகு எந்தப் பெண்ணும் ஒருநாள்கூட வீணாக்கவில்லை. வெளியே வந்த ஒவ்வொரு அடிக்கும் யாராவது ஒருத்தியின் முழங்கை நிமிர்ந்தது, இடுப்பு வலி விட்டது, மூடாத கண்ணிமை மூடியது. ஆண்கள் தலையில் ஹெல்மெட்டும் வயிற்றில் தலையணையுமாக வேலைக்குப் போவதுபோல் காலை எட்டு மணிக்குச் சுவரோரம் போய் நின்றார்கள். எங்க வீட்ல கைநீட்டுற பழக்கமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வக்கீல் முதல் நாளே தாடை கழன்று வந்து, பாக்கியநேசத்திடம், "தடுக்கி விழுந்துட்டேன்" என்று எழுதிக் காட்டினார். மேல்பூச்சுகள் தீர்ந்து அப்பன் காலத்துப் பூச்சு வந்தது, பாட்டன் காலத்துப் பூச்சு வந்தது, தடிமாடு போன்ற ஆண்பிள்ளைகள் செத்துப்போன அப்பாவின் கையை அடியில் அடையாளம் கண்டுகொண்டு சிறுபிள்ளைபோல் தேம்பினார்கள். அடி யாருடையதோ என்று நினைத்து நின்ற மீரான் பாய்க்கு, தன் கொள்ளுப்பாட்டனார் வீட்டு அடிமைக்குக் கொடுத்த சவுக்கடி கண்ணில் விழுந்தது. அவர் கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு, "எங்க வீட்டுல அடிமை இருந்தானா, அவன் பேரு என்னன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவே தெரு அழகாகிக்கொண்டே வந்தது, அதையும் சொல்லவேண்டும். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பால் நிறத்தில் காரை தெரிந்தது, அதில் தெருக்காரர்களின் வீங்கிய முகங்கள் தெரிந்தன, தூண்களின் இடுப்பு மெலிந்தது, நிலைகளில் மறைந்திருந்த கொடிகளும் மீன்களும் கப்பல்களும் வெளியே வந்தன. பெண்கள் சாக்கடையைத் தோண்டிக் கல் பாவினார்கள், மின்கம்பிகளை ஒதுக்கிக் கட்டவைத்தார்கள், கிணற்றைத் தூர் வாரினார்கள். ஞானதுரை அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டிலும் உடைந்த ஆண்களைத் தூக்கி உட்காரவைத்து, உடைந்த வளைவுகளைக் கட்டி, முட்டை உடைத்துக் காரை அரைத்துக் கொடுத்துக்கொண்டு, இரவு வீட்டுக்கு வந்ததும் கூடத்து வடக்குச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். முப்பத்தோரு வீடு முடிந்தது. சீட்டில் பதினேழாம் எண் கடைசியாக விழும்படி பார்த்துக்கொண்டது அவர்தான் என்று பாக்கியநேசத்துக்குத் தெரியும்.

ஆனி கடைசி வாரம் பொறியாளர் அம்மா வந்தாள். தெருவே பதினேழாம் எண் கூடத்தில் கூடியிருந்தது.

"எங்க வீட்டுல ஒண்ணும் கிடையாதும்மா" என்றார் ஞானதுரை. "வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குப் பூசுனதுதான். நானே மெதுவா உரிச்சிருதேன், நீங்க எழுதிக்கிடுங்க."

அந்த அம்மா சுத்தியலால் தட்டினாள். கிழக்குச் சுவரில் ஒரு சத்தம். தெற்கில் அதே சத்தம். மேற்கில் அதே சத்தம். வடக்குச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, சத்தம் மாறியது. அவள் கத்தியால் ஒரு ஓரத்தைக் கீறி, ஏடுபோல் பிரிந்த பூச்சுகளை நகத்தால் எண்ணினாள்.

"மத்த சுவரைவிட இங்க ஒரு பூச்சு அதிகமா இருக்கே?" என்றாள், வெளியூர்க்காரி, அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது.

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கீறலில் தெரிந்த அந்தப் பூச்சு நீலம் கலக்காத வெறும் வெள்ளை, சுண்ணாம்பில் கலக்கும் நீலத்தூள் ஊரில் கிடைக்காத ஒரு வருஷம் உண்டு, அது எப்சி செத்த வருஷம். அந்தப் பூச்சைப் பூசிய காலையில் குழம்பு கொண்டுவந்து கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"விட்டிருவோமே" என்றது வக்கீலின் கம்பி கட்டிய தாடை. "அண்ணாச்சி இல்லாட்டி தெருவே இல்ல. ஒரே ஒரு சுவரு. மேல ஒரு புதுக்காரையப் பூசிக் காட்டிருவோம்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். உலகம்மாள் ஆட்டவில்லை. அவளும் எப்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"எப்சி என்கிட்ட சொன்னா" என்றாள் அவள். "என் பங்கப் பிரிச்சுக் கேக்கப் போறேன், வித்துட்டு மெட்ராஸுக்குப் போறேன், இந்த வீடு என்னைத் தின்னுதுன்னு சொன்னா. மறுநாளு படில விழுந்துட்டான்னு சொன்னாவ. நானும் குழம்பு வச்சுக் கொண்டாந்தேன்." அவள் ஞானதுரையின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, எல்லா ஆம்பளையும் நின்னாச்சு. நீங்களும் வந்து நில்லுங்க."

அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். இரண்டரை மாதம் பல்லையும் எலும்பையும் கொடுத்தவர்களின் கத்தல் அது, நில்லு, நில்லு, நில்லு என்று அந்தக் கூடத்து விட்டம் அதிர்ந்தது. சுடலைமுத்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான், யாரோ சட்டையைப் பிடித்தார்கள், சட்டை கிழிந்தது. அண்ணாச்சி எதிர்க்கவில்லை. அவர் கிழிந்த சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, தன் காலாலேயே நடந்துபோய் வடக்குச் சுவரில் முதுகை வைத்து நின்றார்.

"நான்தான்" என்றார். "பாதி வீட்ட இடிச்சு ஐஸ் பேக்டரிக்காரனுக்குக் குடுக்கப் போறேன்னா. இந்த வீட்டு மேல எனக்கு அப்படி ஒரு பைத்தியம். தலையப் புடிச்சு இந்தச் சுவத்துல ஒரு இடி. ஒரே இடிதான். கீழ விழுந்தா. நான் ஓடிப்போயிட்டேன். திரும்பி வாரேன், தெரு கூடி நிக்கி." அவர் பாக்கியநேசத்தைப் பார்த்தார். "அவ அந்த அடில செத்தா, நானும் இதே அடில போறேன். நியாயந்தான். இழும்மா."

இழுக்கவேண்டியது அந்த வீட்டுப் பெண். உலகம்மாள் சுரண்டியைப் பாக்கியநேசத்தின் கையில் வைத்தாள். பாக்கியநேசம் அதைத் திருப்பி நீட்டினாள். "வேண்டாம்" என்றாள், "வேண்டாம், தெரு போனாப் போவட்டும், இடிச்சிட்டுப் போவட்டும்" என்று கதறினாள், அண்ணன் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பயந்தது அவர் செத்துவிடுவார் என்பதற்காக இல்லை என்று அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அண்ணனே கையை நீட்டி, சுரண்டியோடு சேர்த்து அவள் கையைப் பிடித்து, தன் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார்.

மேல்பூச்சுகளோடு சேர்ந்து அந்த வெள்ளைப் பூச்சும் உரிந்தது. ஞானதுரையின் தலையை ஒரு கை பிடித்தது, அவருடைய கைதான், இருபத்திரண்டு வருஷம் இளமையான கை, பிடித்துச் சுவரில் ஒரு இடி இடித்தது. தேங்காய் உடைந்தாற்போல் ஒரு சத்தம். அவர் சரிந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் விழுந்தார். முடிக்குள்ளிருந்து ரத்தம் இறங்கித் தரையில் ஓடியது. மீரான் பாய் மிச்சமிருந்த ஒரு கண்ணை மூடிக்கொண்டார். தள்ளிவிட்ட சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி முனகினார். ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எழுந்து உட்கார்ந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பின்தலையைத் தடவி விரலைப் பார்த்தார். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு.

"நான் சாவலியே" என்றார்.

அந்தக் கூடத்தில் யாருக்கும் முதலில் புரியவில்லை, உயிர் பிழைத்தாரே என்ற சந்தோஷத்தில் ஒன்றிரண்டு பேர் கர்த்தரையும் அல்லாவையும் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் ஒருநாளும் குறைத்துக் கொடுக்காது, கூட்டியும் கொடுக்காது, கொடுத்ததை அப்படியே கொடுக்கும் என்பது இரண்டரை மாதத்தில் தெரு கற்றுக்கொண்ட பாடம்.

"பாக்கியம், இந்த அடில ஆளு சாவாதே. எப்சி எப்படிச் செத்தா?"

பாக்கியநேசம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பெண்கள் அவளிடம் சொன்ன பொய்யெல்லாம் அவள் வாயில் வந்து நின்றது, எதையும் சொல்ல முடியவில்லை.

"மூணு மணிக்கு வந்தேன்" என்றாள். "கண்ணத் தொறந்து கெடந்தா. பேசுனா. அண்ணன் தலைய இடிச்சிட்டான், வண்டி கூப்பிடு, அக்கான்னு சொன்னா. வண்டி கூப்பிட்டா ஆஸ்பத்திரில போயும் அதத்தானே சொல்லுவா. அண்ணன் ஜெயிலுக்குப் போயிருவான், வீடு போயிரும், நான் எங்க போவேன்னு... நர்ஸுண்ணே நான். அந்த மூச்சுல எவ்வளவு நேரம் இருக்குன்னு எனக்குத் தெரியும். மூணேகாலுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பா. தலைய மடில எடுத்து வச்சுக்கிட்டேன். சின்னப்புள்ளைல சீவுத மாதிரி சீவுனேன். வண்டி வருதா, வண்டி வருதான்னு கேட்டா. வருது வருதுன்னேன். அஞ்சு மணி வரைக்கும் சீவுனேன்."

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் ஞானதுரை. பிறகு அவரிடமிருந்து அழுதாரா சிரித்தாரா என்று தெரியாத ஒரு சத்தம் மட்டும் வந்தது.

உலகம்மாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மூடிவைக்க இனி அந்தத் தெருவில் ஒரு கை சுண்ணாம்புகூடக் கிடையாது, விழுகிற அடி விழுந்த இடத்திலேயே எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு கிடக்கும், அது அவளுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது, கையை இறக்கிக்கொண்டாள்.

"அடிளா, உலகம்மா" என்றாள் பாக்கியநேசம். "யாராச்சும் அடிங்க."

ஒருவரும் அடிக்கவில்லை. அவள் சுரண்டியை எடுத்துக்கொண்டு சுவரின் மேல் பாய்ந்தாள். நகம் பெயரச் சுரண்டினாள், பூச்சுப் பூச்சாக இழுத்து முகத்தைக் காட்டினாள், தனக்கு உரிய அடி இங்கேதான் எங்கோ இருக்கவேண்டும் என்று தேடினாள். சுவரில் அப்படி ஒன்று இல்லை. அவள் எப்சியை அடிக்கவே இல்லையே. கடைசியாகத் தரையோரம், அன்றைக்கு அவள் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கையகலம் வெள்ளை மிச்சமிருந்தது. அதையும் இழுத்தாள்.

அங்கிருந்து அடி வரவில்லை. ஒரு தலை வந்தது. கண்ணுக்குத் தெரியாத தலை, ஆனால் அவள் சேலை குழிந்ததை எல்லாரும் பார்த்தார்கள். வெதுவெதுப்பாக, ஈரமாக, மூச்சு விட்டுக்கொண்டு, இருபத்தேழு வயதுத் தலையின் முழுக் கனத்தோடு அது அவள் மடியில் வந்து அமர்ந்தது.

கப்பித்தான் தெரு பட்டியலில் சேர்ந்தது. லாரி ரோடு சுடுகாட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று. தலையில் கட்டோடு நடந்துபோய் ஸ்டேஷனில் சொன்ன ஞானதுரை அண்ணாச்சி இன்னும் திரும்பவில்லை. பாக்கியநேசத்தைக் கூட்டிப்போக வந்த இன்ஸ்பெக்டர் அவள் சேலையில் இருந்த குழியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், அவளைச் சுவரோரமே விட்டுவிட்டுப் போனார். இப்போது வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, கண்ணாடிபோன்ற காரையில் தங்கள் முகத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாராவது ஒரு வீட்டில் கையை ஓங்கினால் அந்த நிழல் சுவரில் தெரிகிறது, ஓங்கியவனே பார்த்துக் கூசுகிறான், கூசாதவனைத் தெரு பார்த்துக்கொள்கிறது.

தினம் பிற்பகல் மூன்று மணிக்குப் பாக்கியநேசத்தின் மடியில் அந்தக் கனம் வந்துவிடும். அவள் இப்போது சீப்பைத் தொடுவதில்லை. மூன்று மணி அடித்ததுமே, "வண்டி கூப்பிடுங்க, யாராச்சும் வண்டி கூப்பிடுங்க, புள்ள பேசுது, பொழச்சிரும்" என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்துகிறாள். ஒருநாள்கூட யாரும் கேட்காததுபோல் இருந்ததில்லை. மீரான் பாய் ஒற்றைக் கண்ணோடு ஓடிவந்து கதவை அகலத் திறந்து வைக்கிறார், உலகம்மாள் ஓடிவந்து எப்சியின் கால் இருக்குமென்று நினைக்கிற இடத்தில் கையைக் கொடுக்கிறாள், சுடலைமுத்து சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டாவது வந்துவிடுகிறான்.

"வண்டி வந்தாச்சுக்கா" என்று வாசலில் நின்று சத்தம் கொடுக்கிறான்.

ஐந்து மணி வரைக்கும் அவன் என்ஜினை அணைப்பதில்லை.